மாதிரிப் படகுகளில் சிக்னல் இழப்பும் மின்கோளாறுகளும்

கரையில் நிற்பவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் ஆணைகளை ரேடியோ அலை வழியாகப் பெற்று நீரில் ஓடும் சிறு படகு, வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிப் படகு எனப்படும். இத்தகைய படகொன்றை நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கில் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினார். நடுக்குளத்தில் படகு சொற்கேளாமல் போனால், சிக்னல் போய்விட்டது என்றே பலரும் முடிவு செய்வர். ஆனால் பல நேரங்களில் போயிருப்பது ரிசீவருக்கு வரவேண்டிய மின்னழுத்தமே.

பெரும்பாலான படகுகளில் ரிசீவருக்குத் தனி பேட்டரி இருப்பதில்லை. மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்திக்குள் உள்ள சிறு மின்சுற்று, முதன்மை பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 5 வோல்ட் எடுத்து, ரிசீவருக்கும் சுக்கானைத் திருப்பும் சர்வோவுக்கும் தருகிறது. புரொப்பெல்லரில் பாசியோ தூண்டில் நரம்போ சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறி, வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பேட்டரி பழையதானால் மின்னழுத்தம் அக்கணமே சரிந்து, ரிசீவர் அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்கும். முழு வேகத்தில் தோன்றும் கோளாறு அதே தொலைவில் மெதுவாகச் செல்லும்போது மறைந்தால், பேட்டரி, இணைப்புகள், மோட்டார் ஆகியவற்றையே முதலில் ஆராய வேண்டும்.

மல்டிமீட்டரால் சோதிக்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான். மோட்டார் ஓடாதபோது அளந்தால், பச்சை பூத்த இணைப்பும் சரியான வோல்ட்டையே காட்டும். படகைத் தண்ணீர்த் தொட்டியில் கட்டிவைத்து, மோட்டார் சுமையோடு ஓடும்போது அளந்தால்தான் வீழ்ச்சி தெரியும். உப்புநீரில் ஓடிய படகின் இணைப்புகள் விரைவில் அரிக்கும். நீர் பட்ட பகுதிகளை நன்னீரால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும்.

தூரிகை மோட்டாரில் எழும் தீப்பொறிகளும் ரேடியோ இரைச்சலை உண்டாக்கும். 27, 40 மெகாஹெர்ட்ஸ் கருவிகளை இது அதிகம் பாதிக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸில் பாதிப்பு குறைவு. மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே ஒன்றும், ஒவ்வொரு முனையிலிருந்து உலோக உறைக்கு ஒன்றுமாக 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கிகள் மூன்றைப் பற்றவைப்பது வழக்கமான தீர்வு.

உண்மையான சிக்னல் இழப்புக்கு ஆண்டெனாவின் இடமே முக்கியக் காரணம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ.; ரிசீவர் கம்பியின் நுனியில் உள்ள 3 செ.மீ. அளவுப் பகுதியே அலையை வாங்குகிறது. இந்த அலை தண்ணீருக்குள் சில செ.மீ. செல்வதற்குள் பெரிதும் வலுவிழக்கும். ஆகவே அந்நுனி நீர்மட்டத்துக்கு மேலே, உலோகத்தையும் கார்பன் இழையையும் விட்டு விலகி நிற்க வேண்டும். பழைய கருவிகளின் நீண்ட ஆண்டெனாக் கம்பியை வெட்டிக் குறைப்பதும் தவறு.

சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரை முன்கூட்டியே அமைக்கலாம். சில ரிசீவர்கள் கடைசி ஆணையையே பிடித்துக்கொள்ளும். அப்படியானால் படகு முழு வேகத்தில் கரையிலோ நீந்துபவர் மீதோ மோதக்கூடும். படகைத் தாங்கியில் உறுதியாகப் பிணைத்து, புரொப்பெல்லர் அருகே கை வைக்காமல், மோட்டார் மெதுவாக ஓடும்போது டிரான்ஸ்மிட்டரை அணைத்து இதைச் சோதிக்கலாம்.