சங்கிலியை எடுத்தவர் யார்?

முதல் வெள்ளிக்கிழமைதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் குருவிடம் முதியோர் பலவற்றை முறையிடுவதுண்டு. “சாமி, என் சங்கிலியை மருமகள் ஒளித்துவிட்டாள், சோற்றில் எதையோ கலக்கிறாள்” என்று கண்ணீர் மல்கக் கூறிய மூதாட்டி ஒருவரின் சொல்லை நம்பி, அம்மருமகளைத் தனியே அழைத்துக் கண்டித்தேன். அவர் மறுமொழி கூறாது நின்றார். சில நாட்களில் சங்கிலி அரிசிப் பானைக்குள் கிடைத்தது. ஒளித்தவர் மூதாட்டியே, வைத்ததை மறந்தாரேயன்றி அவர் பொய்யுரைத்தாரல்லர்.

மறதி நோய் எனப்படும் டிமென்ஷியா நினைவை மட்டும் அழிப்பதன்று. 1901-இல் பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் ஆல்சைமர் என்னும் மருத்துவர் கண்ட அவுகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்ணிடம் முதலில் வெளிப்பட்டது மறதியன்று, கணவர்மேல் எழுந்த சந்தேகமே. ஞாபகம் பின்னரே விரைந்து குன்றியது. பொருள்களை இழுத்துச் சென்று ஒளித்தார்; தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று கூக்குரலிட்டார். 1906-இல் அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து அம்மருத்துவர் விளக்கிய நோயே இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

பொருளைக் காணோம், வைத்த நினைவும் இல்லை, ஆகவே எவரோ எடுத்திருக்க வேண்டும் என்று நோயுற்ற மனம் முடிவு கட்டுகிறது. அருகில் இருப்பவர் யார்? சோறூட்டி, குளிப்பாட்டி, இரவெல்லாம் கண்விழிப்பவரே. பழியும் அவர்மேல் விழுகிறது. திருவிழாவுக்கு மட்டும் வந்து போகும் மகன் அதை நம்பிச் சீறுவதை எத்தனை இல்லங்களில் காண்கிறோம்! உண்மையிலேயே திருட்டு நடப்பதும் உண்டாதலால், அமைதியாக விசாரித்தறிதல் கடமையே. பிறகு வாதிட்டுப் பயனில்லை. “நான் எடுக்கவில்லை” என்று ஆணையிடுவதினும், “வாருங்கள் அத்தை, சேர்ந்து தேடுவோம்” என்பது நலம்.

குழப்பம் ஓரிரு நாளில் திடீரென மிகுந்தால் சிறுநீர்த் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிய மருந்தோ காரணமாகலாம். தாமதமின்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மனநோய் மாத்திரைகள் இத்தகைய முதியோர்க்குப் பக்கவாதமும் மரணமும் நேரும் வாய்ப்பை மிகுவிப்பன. அவற்றை நாமே கடையில் வாங்கித் தரலாகாது. இல்லாத குழந்தைகளையும் விலங்குகளையும் காண்போரும் உளர். அவர்களுட் சிலர்க்கு அம்மாத்திரைகள் இன்னும் கொடியவை. பேய் பிடித்ததென்று இவர்களை ஊர் ஊராய் அலைக்கழிப்பதும் வேண்டாம். செபத்தை வீட்டிலேயே சொல்லலாம்.

அம்மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவ்வீட்டினுள் நுழைந்ததும், “நேற்றிரவு உறங்கினாயா, அம்மா?” என்று முதலில் அவரைத்தான் கேட்கிறேன்.