கூழன் சக்கை வீணாக வேண்டாம்: வரட்டி காய்ச்சினால் ஓணத்துக்கும் பிரதமன்

முட்டம் பகுதியில் தென்னை விளையோடு, வீட்டுப் புறத்தில் ஒன்றிரண்டு பலாவும் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலர். சித்திரை, வைகாசியில் சக்கை ஒருசேரப் பழுக்கிறது. வருக்கை விலை போகும். கூழனைக் கேட்பாரில்லை, மரத்தடியிலேயே அழுகும். இதற்குக் குமரி மாவட்டத்தில் நெடுங்காலமாக உள்ள வழி சக்கை வரட்டி. வரட்டி கைவசம் இருந்தால், பழம் ஓய்ந்த பின்னும் ஆவணி ஓணத்துக்குச் சக்கைப் பிரதமன் வைக்கலாம்.

வரட்டி காய்ச்சும் முறை

சாரல் தொடங்குமுன் பழுத்த பழமே ஏற்றது. மழை பிடித்த பழம் நீர்கோத்து இனிப்புக் குறையும். கொட்டை நீக்கிய சுளை 2 கிலோவை வேகவைத்து மசிக்கவும். கூழனாயின் சல்லடையில் தேய்த்து நாரை நீக்க வேண்டும். வெல்லம் 1 கிலோவைக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்க்கவும். அடி கனத்த உருளியில், மிதமான தீயில், நெய் 150 கிராமைச் சிறிது சிறிதாக விட்டுக் கைவிடாமல் கிளறவும். உருட்டினால் கையில் ஒட்டாததே சரியான பதம். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகமாதலால், இளகலாக இறக்கினால் பூசணம் பிடிக்கும். ஆறியபின் ஈரமற்ற சாடியில் அடைத்து, உலர்ந்த கரண்டியால் மட்டும் எடுக்கவும்.

பிரதமன் வைக்கும் முறை

10 பேருக்கு வரட்டி 400 கிராம், வெல்லம் 250 கிராம், முற்றிய தேங்காய் 3 தேவை. தேங்காயைத் துருவிப் பிழிந்து, முதற்பால் ஒன்றரை டம்ளர், இரண்டாம் பால் 3 டம்ளர், மூன்றாம் பால் 4 டம்ளர் எனத் தனித்தனியே எடுத்துக்கொள்ளவும். மூன்றாம் பாலில் வரட்டியைக் கரைத்து, வெல்லப்பாகு சேர்த்துக் கொதிக்கவிடவும். சுண்டியதும் இரண்டாம் பாலை விட்டுக் குறுக்கவும். முதற்பாலை அடுப்பிலிருந்து இறக்கும் தறுவாயில் விட்டு, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும்; பிரதமனின் கொழுமையும் போய்விடும். சுக்குப்பொடி, ஏலப்பொடி தூவி, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், முந்திரி சேர்க்கவும்.

விளம்பும்போது வாழையிலையில் இளஞ்சூடாக விட்டு, பப்படமும் பழமும் பிசைந்து உண்பது நாஞ்சில் நாட்டு வழக்கம். தேங்காய்ப்பால் விரைவில் புளிக்குமாதலால் அன்றே தீர்த்துவிடுவது நன்று.

வரட்டியை விற்க விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, தயாரித்த தேதியைப் புட்டியில் குறிக்க வேண்டும். முதலில் ஒரு கூழன் பழத்தில் செய்து, பதம் கைவந்தபின் அளவைக் கூட்டுவதே சிக்கனமாகும்.