மகாபலிபுரம் போனேன்... போய்க்கொண்டே இருந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கடற்கரைக் கோயில் பார்த்தாச்சு. அர்ஜுனன் தபசு முன்னால் போட்டோ எடுத்தாச்சு. வெண்ணெய் உருண்டைப் பாறையை எல்லாரையும் போல ஒற்றைக் கையால் தாங்கியும் நின்றாச்சு. அடுத்து என்ன? ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரும் கடலோரத் தள்ளுவண்டி ஒன்றில் மீன் வறுவலைத் தாக்கினோம்.

மீன் மேல் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது. கொதிக்கிற எண்ணெயில் எந்தக் கிருமி ஸார் பிழைக்கும்? பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர்தான் இடிக்கிறது. இரண்டு பேர் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடத்தில் மொண்டு குடித்த சிக்கன சிகாமணிகள், நானும் என் ரூம்மேட்டும்.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து செங்கல்பட்டு அறைக்கு வந்து படுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுக்குள் செங்கல்பட்டு ஜங்ஷன்! ஒரு வண்டி வருகிறது, இன்னொன்று கிளம்புகிறது. விடிவதற்குள் எனக்கு ஏழு தடவை. ரூம்மேட் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

"தண்ணி குடிச்சாத்தானே போகுது? குடிக்காம இருந்தா தானா நின்னுடும்டா" என்றான். வரவை நிறுத்தினால் செலவு நின்றுவிடுமாம்! பி.காம். படித்த எனக்கே அந்த நேரத்தில் அது நியாயமாகப் பட்டது.

என்னைக் காப்பாற்றியது கீழ்வீட்டு ஓனரம்மா. "ஏம்ப்பா, இப்படி சுண்டிப் போயிட்டியே" என்று உப்புப் போட்ட அரிசிக்கஞ்சியை சொம்பு சொம்பாக ஊற்றினார். ரூம்மேட் அதைத் தொடவில்லை. மருந்துக் கடையில் யாரோ சொன்ன 'ஸ்டாப்' மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வாயைக் கட்டிப் படுத்தான். திங்கள் சாயங்காலம் பாத்ரூம் வாசலில் சுருண்டு விழுந்தான். கண் குழிவிழுந்து, கால் கெண்டைச்சதை பிடித்துக்கொண்டு, நாக்கு காய்ந்து... தமாஷெல்லாம் அங்கேயே போய்விட்டது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி: "ஒண்ணுக்குப் போய் எத்தனை மணி நேரம் ஆச்சு?" காலையிலிருந்து போகவில்லை. உடனே டிரிப்ஸ். வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, உடம்பை விட்டுப் போகிற நீரும் உப்பும்தான் என்றார். ஜுரமோ ரத்தமோ இருந்தால் நிறுத்துகிற மாத்திரை ஆபத்து என்றும் திட்டினார்.

டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோன இடத்தில் என்ன செய்வது? 1971-ல் பங்களாதேஷ் போரின்போது மேற்கு வங்காளத்தின் பன்காவ்ன் அகதி முகாமில் இதுதான் நிலைமை. காலரா வார்டில் தரையெல்லாம் நோயாளிகள். டாக்டர் திலீப் மஹலனாபிஸ், குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் பாக்கெட் போட்டு, டிரம் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் அம்மா, அண்ணன் கையிலேயே டம்ளரைக் கொடுத்துவிட்டார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். மறு வருஷம்தான் பத்மவிபூஷண் வந்தது. நம்ம ஊர் வழக்கம்!

சூட்சுமம் இதுதான்: குடல் சுவரில் உப்புக்குத் தனியாக எளிதில் அனுமதி இல்லை. சர்க்கரை கையைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் உள்ளே போகும். பின்னாலேயே தண்ணீரும் போகும். காலராவில்கூட இந்தக் கதவு மூடுவதில்லை.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 20.5 கிராம். முழுசையும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்கணும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கிள்ளிப் போடுகிற வேலை கூடாது. ஒவ்வொரு 'விஜயத்துக்கு'ப் பிறகும் ஒரு டம்ளர், நிதானமாக. வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாக. கரைத்து 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்கவில்லையா? காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் வம்பு.

கலர் சோடாவும் டப்பா ஜூஸும் வேண்டாம். அதிகச் சர்க்கரை இன்னும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டே சர்க்கரைத் தண்ணீர் விற்றார்கள். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைச்சல். பட்டினி வேண்டாம். இட்லி, மோர்சாதம், வாழைப்பழம் தாராளமாகச் சாப்பிடலாம்.

மலத்தில் ரத்தம், கடும் ஜுரம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுந்தால் தலைசுற்றல், குடித்ததெல்லாம் வாந்தி... ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். வீட்டில் குழந்தையோ வயசானவர்களோ என்றால் இன்னும் சீக்கிரம். விளையாட்டில்லை ஸார். 2024 டிசம்பரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்துப் பல்லாவரம் பக்கம் வாந்தி, பேதியென்று முப்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சாவும் நடந்தது. தண்ணீரா, சாப்பாடா என்று பெரியவர்கள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள்.

ரூம்மேட் புதன்கிழமை எழுந்து உட்கார்ந்தான். லீவு லெட்டரில் உண்மையை எழுதக் கூச்சம். இரண்டு பேரும் 'வைரல் ஃபீவர்' என்று எழுதிக் கொடுத்தோம். மேனேஜர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த வண்டியிலப்பா மீன் சாப்பிட்டீங்க?"