உகாண்டா செல்லும் முன்: முதலில் மருத்துவர், பிறகு பயணச்சீட்டு

பணி நிமித்தம் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழும் மகனையோ மகளையோ காணச் செல்லும் பெற்றோர் பலர் பயணச்சீட்டு வாங்கிய பின்னரே எங்களிடம் ஆலோசனைக்கு வருகின்றனர். ஆரோக்கியமானவர்களுக்கு இதனால் பெரிய இடர் இல்லை. நாட்பட்ட நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கோ இந்த வரிசையே சிக்கலாகிவிடக்கூடும். உகாண்டாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறோம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

ஒரு வயது நிறைந்த எவரும் உகாண்டாவிற்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. இணையவழி விசா விண்ணப்பத்துடன் இதன் நகலை இணைக்க வேண்டும். எண்டெபி விமான நிலையத்தில் அசலைக் காட்ட வேண்டும். தடுப்பூசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் செல்லும். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதனைப் போட்டுக்கொள்ள இயலும். சென்னையில் கிண்டி கிங் நிறுவனமும் துறைமுக சுகாதார நிறுவனமும் அத்தகைய மையங்கள்.

இந்தியா திரும்பும்போதும் இச்சான்றிதழ் கேட்கப்படும். இல்லாதவர்களை 6 நாட்கள் வரை தனிமைப்படுத்த விதி உண்டு.

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்ட தடுப்பூசி. ஆகவே உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுபவர்கள், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள், முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு இதனைப் போடலாகாது. 60 வயதைக் கடந்தவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது பக்கவிளைவுகள் நேரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவருடன் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

தடுப்பூசி கூடாதென்பதற்கு மருத்துவர் விலக்குச் சான்று வழங்கலாம். எனினும், அச்சான்று நோயிலிருந்து உங்களைக் காக்காது. அதனை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அதிகாரிகளின் பொறுப்பு. இத்தகையோரிடம் பயணத்தைத் தவிர்த்து, பிள்ளைகளை இங்கே வரவழைக்குமாறு கூறுவதே பெரும்பாலும் எங்கள் அறிவுரை.

மலேரியா

உகாண்டாவில் ஆண்டு முழுவதும் மலேரியா பரவுகிறது. கொசுவலை, முழுக்கைச் சட்டை, கொசுவிரட்டிக் களிம்பு ஆகியவற்றோடு தடுப்பு மாத்திரையும் தேவை. டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் திரும்பிய பின்னும் 4 வாரங்கள் தொடர வேண்டும். அது வார்ஃபரின் மருந்தின் செயலை மிகுவிக்கக்கூடும். மெஃப்லோகுயின் வலிப்பு நோயாளிகளுக்கு ஏற்றதன்று. ஆகையால் பிறர் உட்கொண்ட மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள்.

மருந்துகளை எடுத்துச் செல்லுதல்

பயண நாட்களுக்குத் தேவையானதைவிட இரு வார மருந்துகளைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அவற்றை மூல உறையிலேயே, கைப்பையில் வையுங்கள். சரக்கறையில் இன்சுலின் உறைந்து பயனற்றுப் போகலாம். மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, நோய்விவரம் அடங்கிய கடிதத்தை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பெறுங்கள். மார்ஃபின், டிரமடால் போன்ற வலிநிவாரணிகளை உட்கொள்பவர்கள் புது தில்லியிலுள்ள உகாண்டா தூதரகத்திடம் முன்னரே விதிகளைக் கேட்டறியுங்கள்.

உகாண்டா நேரம் நமது நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. இன்சுலின் செலுத்தும் நேரத்தை எவ்வாறு மாற்றுவதென்று புறப்படும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருக்கும் நாட்களில்

கொதிக்க வைத்த நீரையோ மூடி முத்திரையிட்ட புட்டிநீரையோ மட்டும் அருந்துங்கள். விக்டோரியா ஏரியில் நீராட வேண்டா. நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி அந்நீரிலிருந்து தோலைத் துளைத்து உடலினுள் நுழையும். ‘போடா போடா’ எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்களைத் தவிருங்கள்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்களுக்குச் சிறு தலைக்காயமும் உயிருக்கு ஆபத்தாகலாம். அவசர உதவிக்கான எண்கள் 999, 112.

திரும்பிய பின்

பயணத்தின்போதோ திரும்பிய சில மாதங்களுக்குள்ளோ காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். “உகாண்டா சென்று வந்தேன்” என்பதை முதல் வாக்கியமாகக் கூறுங்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா ஒரே நாளில் கடுமையாகிவிடக்கூடும். ஆனால் உடனே கண்டறிந்தால் முழுமையாகக் குணப்படுத்தலாம். நோயாளி சோர்ந்திருக்கையில் இதனைக் கூற வேண்டிய பொறுப்பு உடனிருப்பவருடையது.

புறப்படுவதற்கு 6 வாரங்களுக்கு முன்பேனும் உங்கள் மருத்துவரைச் சந்தியுங்கள். தடுப்பூசி, விசா, பயணச்சீட்டு ஆகியவை அதன்பின் அவ்வரிசையிலேயே அமையட்டும்.