பட்டன் போனை மாற்றலாமா? கடன் கேட்கும் முன் கணக்குப் போடுவோம்



"டச் போன் வாங்கணும், உள்கடன் கொடுங்க" என்ற கோரிக்கை இப்போது குழுக் கூட்டங்களில் வருகிறது. கொடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வோம்.

வாட்ஸ்அப் ஏன் நின்றது?

ஜியோ போன் 2017-ல் வந்தது. பார்க்க பட்டன் போன்தான். ஆனால் உள்ளே காய் ஓஎஸ் என்ற மென்பொருள் இருப்பதால் 2018 முதல் அதில் வாட்ஸ்அப்பும் கிடைத்தது. 2024 ஜூன் 25 முதல் காய் ஓஎஸ் போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக ஏற்ற முடியாமல் போனது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கத்தில் நின்றுவிட்டது. உங்கள் போன் கெட்டுப்போகவில்லை. அதனால் ரிப்பேர் கடையில் பணம் கொடுத்தாலும் வாட்ஸ்அப் திரும்ப வராது.

உங்களுக்கு எதற்குத் தேவை?

பேசவும், பணம் அனுப்பவும் மட்டும்தான் என்றால் மாற்ற அவசியமில்லை. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிய யுபிஐ 123பே வசதியில், சாதாரண பட்டன் போனிலிருந்தே பணம் அனுப்பலாம். இன்டர்நெட் வேண்டாம். விவரம் கேட்க 14431.

நீங்களே சேலை விற்பவர் என்றால் கதை வேறு. உடல், கரை, முந்தி மூன்றின் நிறமும் படத்தில் தெளிவாகத் தெரிந்தால்தான் வெளியூர்க்காரர் ஆர்டர் கொடுப்பார். அதற்கு டச் போன் ஒரு தொழில் கருவி, தறிச் சாமான் மாதிரி. அப்படிப்பட்ட உறுப்பினருக்குக் குழு கடன் கொடுப்பது நியாயமே.

மாதம் எவ்வளவு ஆகும்?

7,000 ரூபாய் போன், 10 தவணை, நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அசல் 700, வட்டி 70. ரீசார்ஜ் 300 என்றால் மொத்தம் 1,070 ரூபாய். ஜியோ போனுக்கான குறைந்த கட்டணத் திட்டம் அந்தப் போனில் மட்டும்தான் செல்லும். சிம்மை டச் போனில் போட்டால் வேறு ரீசார்ஜ் போடணும். கடன் 10 மாதத்தில் முடியும், ரீசார்ஜ் முடியாது. போனால் வரும் கூடுதல் ஆர்டர் இதைத் தாங்குமா என்று பாருங்கள்.

மாற்றும் முன் செய்ய வேண்டியவை

* பழைய நம்பரை விடாதீர்கள். வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது அந்த நம்பர்தான்.
* போன் நம்பர்களைச் சிம்மில் ஏற்றுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். படங்களை மெமரி கார்டில் வையுங்கள்.
* பழைய வாட்ஸ்அப் பேச்சு புதிய போனுக்கு வராது. யார் அட்வான்ஸ் கொடுத்தார், யார் பாக்கி என்பதை நினைவிருக்கும்போதே நோட்டில் எழுதுங்கள்.
* யுபிஐ ரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள். கடைக்காரரிடமோ பிள்ளைகளிடமோ சொல்ல வேண்டாம். பணம் ஏமாற்றப்பட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

ஆண்ட்ராய்டா, ஐபோனா?

வாட்ஸ்அப், யுபிஐ இரண்டும் இரண்டிலுமே நடக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டே நம் வேலைக்குப் போதும். "ஐபோன் சல்லிசா கிடைக்குது" என்று பழைய செட்டை வாங்கிவிடாதீர்கள். ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் போன்களில் 2025-ல் வாட்ஸ்அப் நின்றுவிட்டது. பழைய ஆண்ட்ராய்டுக்கும் இந்த நிலை வரும். செகண்ட் ஹேண்ட் போன் என்றால், கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு வாட்ஸ்அப் ஏறுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

கடன் உங்கள் பெயரில் என்றால் பில், சிம், ரகசிய எண் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். தவணை கட்டுவது நீங்கள், போன் இருப்பது மகன் கையில் என்றால் ஆர்டர் எப்படி வரும்? அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுங்கள்.