தண்டுவடமும் தளராத கைகளும்

மாணவர்களே! நாம் வாழும் ஜீவனஹள்ளிக்கு அருகில் லிங்கராஜபுரம் உள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கமொன்றின் வளாகம் அங்கே அமைந்துள்ளது. 1959ஆம் ஆண்டு அச்சங்கத்தைத் தோற்றுவித்தவர் என். எஸ். ஹேமா. அவரும் சக்கர நாற்காலியில் இயங்கியவரே. சக்கர நாற்காலியில் செல்வோரை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவர்களுள் சிலருக்குக் கால்கள் அசையா; ஆயினும் கைகளால் சக்கரங்களை விரைவாகச் சுழற்றுவர். கால்கள் செயலிழந்தபின் கைகள் மட்டும் இயங்குவது எவ்வாறு?

முதுகெலும்பின் உள்ளே, மூளையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் நரம்புக் கற்றையே தண்டுவடம் ஆகும். அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிந்து உடலெங்கும் செல்கின்றன. ‘அசை’ என்னும் மூளையின் கட்டளை இதன் வழியே இறங்குகிறது. ‘சுடுகிறது’ என்னும் தோலின் செய்தி இதன் வழியே ஏறுகிறது.

நம் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தால், உடைப்புக்கு முன்னுள்ள வீடுகளுக்கு நீர் வரும். அதற்கு அப்பாலுள்ள வீடுகளுக்கு வாராது. தண்டுவடத்தில் ஏற்படும் காயமும் அத்தகையதே. கைகளுக்குரிய நரம்புகள் கழுத்துப் பகுதியிலும் அதையொட்டிய மார்பின் மேற்பகுதியிலும் பிரிகின்றன. கால்களுக்குரியவை கீழ்ப்பகுதியில் பிரிகின்றன. ஆகவே கீழ்ப்பகுதியில் காயம் பட்டால் கால்கள் தளரும், கைகள் தளரா. ஆனால் குழாயைப் போலத் தண்டுவடத்தை மாற்றிப் பதிக்க இயலாது. அறுந்த நரம்பிழைகள் தோலைப் போல எளிதில் வளர்ந்து கூடுவதுமில்லை.

காயம் முழுமையானதாக இருப்பின், அதற்குக் கீழே அசைவும் உணர்வும் அற்றுப்போகும். முழுமையற்றதாக இருப்பின், ஓரளவு எஞ்சியிருக்கும். இருவர்க்கு ஒரே இடத்தில் காயம் பட்டாலும் ஒருவர் ஊன்றுகோலுடன் நடப்பதும், மற்றவர் நடக்க இயலாதிருப்பதும் இதனாலேயே ஆகும்.

கண்ணுக்குத் தெரியாத இடர்களும் உள. சிறுநீர், மலம் ஆகியவற்றை அடக்கும் ஆற்றல் குறையலாம். உணர்வற்ற இடத்தில் புண் தோன்றினாலும் வலி தெரியாது. ஆதலால் நெடுநேரம் ஒரே நிலையில் அமராமல், கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்திக்கொள்ள அவர்கள் பழகுகின்றனர்.

மருத்துவர் மேரி வர்கீஸ் கேரளத்தில் பிறந்தவர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். 1954ஆம் ஆண்டு நிகழ்ந்த ஊர்தி விபத்தில் அவருடைய தண்டுவடம் சிதைந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கைகளோ பழுதற்றிருந்தன. தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீராக்கும் அறுவைச் சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம் என்று மருத்துவர் பால் பிராண்டு அவருக்கு வழிகாட்டினார். மேரியும் அதனைக் கற்றுத் தேர்ந்து, பலருடைய கைகளை மீண்டும் இயங்கச் செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிறுவனம் உருவாக உறுதுணையாக நின்றார். 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். இழந்ததை எண்ணி முடங்காமல் எஞ்சியதைக் கொண்டு எழுவதே மறுவாழ்வு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

விபத்தில் முதுகில் அடிபட்டவரைப் பதற்றத்தில் தூக்கவோ வளைக்கவோ கூடாது. சிறு காயமும் பெருங்காயமாகிவிடும். உடனே 108 எண்ணை அழைத்தல் வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உதவ விரும்பினால், “உதவட்டுமா?” என்று முதலில் கேளுங்கள். கேளாமல் நாற்காலியைத் தள்ளுதல், ஒருவரைக் கேளாமல் தூக்கிச் செல்வதற்கு ஒப்பாகும்.

அருஞ்சொற்பொருள்
கற்றை – தொகுதி
இடர் – துன்பம்
எஞ்சிய – மீதமுள்ள

வினாக்கள்
1. கீழ்த் தண்டுவடத்தில் காயம் பட்டவருக்குக் கைகள் இயங்குவது ஏன்?
2. உணர்வற்ற பகுதியைக் கவனமாகப் பேண வேண்டிய காரணம் யாது?
3. உங்கள் பள்ளியில் சக்கர நாற்காலி செல்ல இயலாத இடங்களைக் கண்டறிந்து, அவற்றை எவ்வாறு மாற்றலாம் என ஐந்து தொடர்களில் எழுதுக.