கொல்கத்தாவில் எழுதப்பட்ட வானத்தின் சூத்திரம்

சர் சி.வி. இராமன் பௌபஜார் தெருவில் ஆய்வு செய்த கதையை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்தவர், 1928-இல் ஒளிச்சிதறலின் புதிய விளைவைக் கண்டறிந்தார். அவர் பேராசிரியராக இருந்த இராஜாபஜார் அறிவியல் கல்லூரியில் பணியாற்றிய இன்னோர் இளைஞரையும் நாம் மறக்கலாகாது. அவர் மேகநாத் சாஹா. டாக்கா அருகே ஒரு சிறு கடைக்காரரின் மகன்.

ஒளியை முப்பட்டகத்தில் செலுத்தினால் நிறமாலையாக விரியும். ஒவ்வொரு தனிமமும் அதில் தனக்கே உரிய கோடுகளைப் பதிக்கும். ஆனால் சூரிய நிறமாலையில் சில தனிமங்களின் கோடுகளைக் காணோம். கோடு இல்லையென்றால் பொருளே இல்லையா? இல்லை, கடும் வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரானை இழப்பதால் அவற்றின் கோடுகள் மறைகின்றன என்று 1920-இல் கணக்கிட்டுக் காட்டினார் சாஹா. அன்றிலிருந்து நிறமாலையே விண்மீன்களுக்கு வெப்பமானி ஆயிற்று.

அதே கோடுகளைக் கொண்டுதான் விண்மீன்கள் பிறக்கும் தொலைதூர அண்டங்களையும் இன்று ஆராய்கிறார்கள். இளம் விண்மீன்களின் புற ஊதா ஒளி பட்டு ஹைட்ரஜன் வாயு சிவப்புக் கோடு ஒன்றையும் நீலப்பச்சைக் கோடு ஒன்றையும் உமிழ்கிறது. சிவப்பு சுமார் 2.86 மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு மேல் இருந்தால், இடையிலுள்ள தூசி நீலத்தை அதிகமாக மறைத்துவிட்டது என்று பொருள். குளிர்கால மாலையில் ஹூக்ளிக்கு மேல் சூரியன் சிவந்து தெரிவதும் இதைப் போன்றதே. எவ்வளவு மறைந்தது என்று தெரிந்தால், உண்மையில் எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.

குளிர்ந்த ஹைட்ரஜனோ 21 செ.மீ. வானொலி அலையாகப் பேசுகிறது. தொலைவிலிருந்து வரும்போது அந்தக் குரல் மிக மெலிந்துவிடும். 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட புணே அருகிலுள்ள தொலைநோக்கியால், 7,653 அண்டங்களின் குரல்களை ஒன்றுசேர்த்து நம் விஞ்ஞானிகள் கேட்டார்கள். அது சுமார் 800 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அலை. 2020-இல் வெளியான அதன் முடிவு வியப்பூட்டுவது. அந்த அண்டங்கள் விண்மீன்களைப் படைத்த வேகத்தில், கையிருந்த அணு ஹைட்ரஜன் 100 முதல் 200 கோடி ஆண்டுகளில் தீர்ந்துபோயிருக்கும். வரவு குறைந்து செலவு மிகுந்த வீடு போல, விண்மீன் பிறப்பு பின்னர் தளர்ந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறார்கள்.

இந்த ஆய்வில் பங்கேற்றவர்களுள் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தாரும் உண்டு. அது, இங்கிருந்து 1933-இல் விடைபெற்றுச் சென்ற இராமன் பின்னாளில் நிறுவிய நிலையம்.

அடுத்த முறை பிள்ளைகளைப் பிர்லா கோளரங்கத்திற்கு அழைத்துச் செல்லும்போது, இராஜாபஜார் கல்லூரி வாசலையும் ஒருமுறை காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் ஒரு பொருள் இல்லையென்று ஆகிவிடாது என்பதை உலகுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய இடம் அது.